இருபத்தேழு பாட்டுக்கு ஏற்றிய ட்ரெபிள்

மனைவியின் குரல் மங்கிக்கொண்டு வருகிறது என்பது ஃபிட்டருக்கு மூன்று வருஷமாகத் தெரியும். தெரிந்தும் அவளிடம் மூச்சு விடவில்லை. வயிற்றில் ஒரு வார்த்தை தங்காத மனுஷர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கப் போகிற சேதியை, அந்த வீட்டம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவர் இந்த ஒன்றை மட்டும் மென்று முழுங்கி வைத்திருந்தார் என்றால், மனைவி மேல் எவ்வளவு பிரியம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மூன்று வயசும் நாலு வயசுமாக இருபது வாண்டுகளைக் கட்டி மேய்க்க வேண்டும். அதுகளைச் சாப்பிட வைக்க ஒரு பாட்டு, செருப்பு மாட்ட ஒரு பாட்டு, தூங்க வைக்க ஒரு பாட்டு என்று தானாகக் கட்டிப் பாட ஆரம்பித்தாள். பிறகு பெரியவர்களுக்கும் கட்டினாள். தவறவிட்ட பஸ்ஸைப் பற்றி ஒன்று, வேலைக்காக வேறு ஊர் போய்விட்ட மகனின் காலி அறையைப் பற்றி ஒன்று. அந்த அறையில்தான் இருவரும் பதிவு செய்தார்கள். இணையத்தில் ஏற்றினார்கள். மகனுக்கும் அனுப்புவார்கள், அவன் பத்து நொடி கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவான். அதோடு அவன் கடமை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறை ஃபிட்டரின் ராஜ்யம். ஜன்னலில் இரண்டு கம்பளி தொங்கும். சுவர்க் கடிகாரம் குளியலறைக்குப் போகும். அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே தொங்கும் துணிகளுக்கு முதுகைக் காட்டியபடி அவளை நிற்க வைப்பார். துணி எதிரொலியைக் குடித்துவிடும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி; நேராகப் பாடக் கூடாது, முகத்தை லேசாக ஒருபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 'ப' வரும் இடத்தில் காற்று மோதும். ஃப்ரிட்ஜை நிறுத்துவார். நிறுத்தியதை மறந்தும் போவார். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பால் திரிவது புதுசல்ல.

"பாலுக்கும் பாட்டுக்கும் என்னங்க பகை?" என்பாள்.

"பால் நாளைக்கு வாங்கிக்கலாம். நீ இன்னிக்குப் பாடுன மாதிரி நாளைக்குப் பாடுவியா?"

அவள் பாடி முடித்ததும், கை வைக்காத பதிவை அப்படியே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவார். அது சாசனம் மாதிரி. அதை யாரும் தொடக் கூடாது, அவரே தொடக் கூடாது. பிரதியில்தான் வேலை. மூன்று நாள் சாயங்காலம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அழுத்தமான இடத்தைத் தணித்து, தணிந்த இடத்தைத் தூக்கி, மூச்சை மூச்சாகவே விட்டுவைத்து, இழைத்து இழைத்துச் செய்வார். ஏற்றும்போதும் கோப்பைச் சுருக்க மாட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் முழுசாகத்தான் போக வேண்டும். "நல்ல சட்டையைச் சின்ன டப்பாவுல அமுக்கி அனுப்பினா, பிரிக்கிறவன் கையில சுருக்கந்தான் இருக்கும்" என்பது அவர் கட்சி.

தன் குரலைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம். ஹெட்ஃபோனை நீட்டினால் சமையலறைக்கு ஓடிவிடுவாள். வாசற்படியில் நின்று, "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். அவர் 'நல்லா இருக்கு' என்றால் நல்லா இருக்கிறது. 'சுமார்' என்றால் மறுபேச்சில்லாமல் அலமாரி முன்னால் போய் நிற்பாள். மேல்முறையீடு கிடையாது.

அந்தக் காதுக்கு அவ்வளவு மரியாதை உண்டு. அவர் வேலை பார்ப்பது கண்ணாடிப் பாட்டிலில் பானம் அடைக்கிற ஆலையில். நிமிஷத்துக்கு நானூறு பாட்டில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பட்டையில் ஓடும். அந்த இரைச்சலுக்கு நடுவே நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் பத்து நாள் ஓடும், அதுக்கப்புறம் பேரிங் போயிடும்" என்பார். பதினோராவது நாள் போய்விடும். ஆலையில் அவருக்கு டாக்டர் என்று பட்டம். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தக் காதில்தான் மனைவியின் குரல் மங்கியது. முதலில் லேசாக, ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவது போல. குரலின் மேல் இருந்த மினுமினுப்புப் போய்விட்டது. 'ச'வும் 'ஸ'வும் பஞ்சில் சுற்றி வைத்தது போல வந்தன. மைக்கை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றினார், கம்பளியில் ஒன்றைக் கழற்றினார். மாற்றம் இல்லை. பிறகு அவருக்குப் புரிந்தது, ஐம்பதைத் தாண்டினால் குரலுக்கும் வயசாகும்தானே. பாவம், அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கணினியில் உச்சச் சத்தத்தைத் தூக்குகிற ட்ரெபிளை ஒரு நூல் ஏற்றினார். குரல் பழையபடி பளிச்சென்று வந்தது. அன்று அவர் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் கண் கலங்கியது உண்மை.

அடுத்த பாட்டுக்கு இரண்டு நூல். அதற்கடுத்த வருஷம் பாதி தூரம். இப்படி இருபத்தேழு பாட்டு.

ஆரம்பத்தில் நாலாயிரம் ஐயாயிரம் பேர் கேட்ட இடத்தில் இரண்டாயிரம் பேர் ஆனார்கள், பிறகு எண்ணூறு, பிறகு முந்நூறு. முதல் பாட்டிலிருந்து தவறாமல் கேட்டு வந்த ஒரு லாரி டிரைவர் எழுதினார்: 'அக்கா, பாட்டு மனசுக்குள்ள போகுது. ஆனா இப்பல்லாம் சத்தம் காதுல குத்துது. முன்ன மாதிரி இல்ல.' ஃபிட்டர் அதைப் படித்தார். 'காதுல குத்துது' என்பதை லாரியின் மட்டமான ஸ்பீக்கர் கணக்கில் எழுதினார். 'முன்ன மாதிரி இல்ல' என்பது மட்டும் நெஞ்சில் தைத்தது. குரல் போய்விட்டதை வெளியாட்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். மனைவி பார்ப்பதற்குள் அதை அழித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அவளே ஒருமுறை காப்பகத்தில் யாரோ ஃபோனில் போட்டதைக் கேட்டுவிட்டு வந்து, "கொஞ்சம் கீச்சுன்னு இருக்கோ?" என்றாள்.

"ஃபோன்ல எல்லாமே கீச்சுன்னுதான் இருக்கும்."

"அதானே," என்று நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்?

இருபத்தேழாவது பாட்டில் ட்ரெபிள் கோடியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற்ற இடம் இல்லை. ஃபிட்டர் ஒரு வாரம் யோசித்தார். இனிமேல் பாடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நல்ல பெயர் இருக்கும்போதே நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பளியைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்காத."

"சொல்லுங்க."

"உன் குரல் மங்கிடுச்சும்மா. மூணு வருஷமாவே. நான்தான் சமாளிச்சுக்கிட்டு வந்தேன். இனிமே என்னால முடியல."

அவள் அழுதிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். சமாதானம் சொல்லத் தயாராக வந்திருந்தார். அவள் அழவில்லை.

"எனக்கும் தோணிச்சு," என்றாள். "கேக்குறவங்க குறைஞ்சுட்டாங்கல்ல."

பிறகு அவர் கையிலிருந்து கம்பளியை வாங்கிக்கொண்டு போய்த் துவைத்தாள். காய்ந்ததும் மடித்து, கட்டிலில் விரித்துவிட்டாள்.

பாட்டு நின்றது இணையத்தில் மட்டும் இல்லை. அடுப்படியில் நின்றது, குளியலறையில் நின்றது. காப்பகத்தில் செருப்பு மாட்டுகிற பாட்டை ஃபோனில் யாரோ பாடியதைப் போட்டுவிட்டு, கையை மட்டும் தட்டினாள். ஒரு வாண்டு அவள் வாயைத் தொட்டுப் பார்த்து, "உள்ள இருக்கா?" என்று கேட்டதாம். அதை அவள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஃபிட்டர் சிரிக்க முயன்று தோற்றார்.

நாலு மாசம் போயிற்று. ஆலையில் வருஷா வருஷம் காதுச் சோதனை உண்டு. "டாக்டருக்கே ஊசியா?" என்று சொல்லி ஃபிட்டர் ஒவ்வொரு தடவையும் நழுவிவிடுவார். இந்த வருஷம் போகாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் போனார்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் சோதிக்கிற பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் அடித் தொண்டைச் சத்தங்கள் வந்தன. சட் சட்டென்று அழுத்தினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

அந்தப் பெண் வெளியே வரச் சொன்னாள். மேஜையில் ஒரு தாளை வைத்தாள். அதில் ஒரு கோடு பாதி தூரம் சமமாகப் போய், பிறகு மாடிப்படியில் தவறி விழுந்தவன் மாதிரி தடதடவென்று இறங்கியிருந்தது.

"மோட்டார் உறுமுறது, கதவு சாத்துறது, இதெல்லாம் உங்களுக்கு அருமையாக் கேக்குது சார். மேல போகப் போகத்தான் இல்ல. பாட்டில் சத்தம் தின்னுடுச்சு."

"எனக்கா? நான் பேரிங் சத்தத்த வச்சே..."

"அது அடிச் சத்தம் சார். அது போகல."

அவர் வாதாட வாயைத் திறந்தபோது, அவள் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். "இப்ப மணி அடிச்சுதே, கேட்டுச்சா?"

அவர் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பதினோரு மணி காட்டியது.

"எத்தனை வருஷமாம்மா இருக்கும்?"

"திடீர்னு வராது. கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு வருஷம் இருக்கும். உங்களுக்கே தெரியாது. மத்தவங்கதான் முணுமுணுக்கிறாங்கன்னு தோணும்."

ஃபிட்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். அவள் காப்பகத்தில் இருந்தாள். கணினியைத் திறந்து, கை வைக்காத பதிவுகளில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒன்றையும் கடைசிப் பாட்டையும் எடுத்தார். சத்தத்தைப் படமாகக் காட்டுகிற பக்கம் ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. காது இருக்கும்போது படம் எதற்கு என்று அதுவரை அவர் அதைத் திறந்ததில்லை. இரண்டு படத்தையும் மேலும் கீழுமாக வைத்தார்.

இரண்டிலும், உச்சச் சத்தங்கள் தெரிகிற மேல் வரிசையில் அந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. அன்று எவ்வளவோ இன்றும் அவ்வளவு. ஒரு மாற்றுக் குறையவில்லை.

பிறகு தான் மெருகேற்றி உலகத்துக்கு அனுப்பியதைத் திறந்தார். மேல் பகுதி முழுவதும் ரம்பப் பல். ஒவ்வொரு 'ச'விலும் ஒரு ஊசி. இதைக் கேட்டவர்கள் எப்படிக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். மூன்று வருஷம், மூன்று மூன்று நாள் சாயங்காலமாக உட்கார்ந்து, இழைத்து இழைத்து, அவளை நாசம் பண்ணியிருக்கிறார். பண்ணிவிட்டு, உன் குரல் போய்விட்டது என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, மகன் ஊரை விட்டுப் போன அன்று கூட அழாத மனுஷர், அழுதார்.

அவளை மறுபடி பாட வைக்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, உண்மையைச் சொல்வது. இன்னொன்று சுலபம்: 'நாலு மாசம் ஓய்வு கொடுத்ததில் உன் குரல் திரும்பி வந்துவிட்டது, வா, பாடு' என்றால் போதும். அவள் நம்புவாள். அவருடைய நீதிபதி நாற்காலியும் தப்பிக்கும், ட்ரெபிளைத் தொடாமல் விட்டால் பாட்டும் தப்பிக்கும். இரண்டு நாள் அந்தப் பொய்யை நாக்கில் வைத்துப் புரட்டினார். ஆனால் அவள் ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஒரு வரிகூட முணுமுணுக்காமல் எதிரே உட்கார்ந்ததைப் பார்க்கப் பார்க்க, செய்த தப்பை அவள் தொண்டை மேலேயே வைத்துவிட்டுத் தான் தப்பித்துக்கொள்வது கேவலம் என்று பட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். லாரி டிரைவர் எழுதியதை அழித்தது வரைக்கும் சொன்னார்.

அவள் தாளில் அந்தக் கோடு விழுகிற இடத்தை விரலால் தொட்டாள்.

"அப்ப அந்த இருபத்தேழும்?"

"ஆமா. ஆனா ஒரிஜினல் எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணுத்துலயும் கை வைக்காம அப்படியே மறுபடி ஏத்திடறேன். உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஆனது எனக்கு."

"போடுங்க," என்றாள். அப்புறம், "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"காதா? இல்ல."

"நான் குளிக்கிறப்பகூடப் பாடல," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னாள். "பாட்டு வாய்க்கு வரும். வந்தா, வேணாம், மங்கலா இருக்கும்னு முழுங்கிடுவேன். நாலு மாசம்."

அவர் எழுந்து போய்க் கட்டிலிலிருந்து கம்பளியை உருவி ஜன்னலில் கட்டினார். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அலமாரியைத் திறந்தார். "வா. இப்பவே. ரெண்டு வரி போதும்."

அவளுக்கு மனசில்லை. அவர் முகத்தைப் பார்த்து வந்து நின்றாள். காலி அறையைப் பற்றிய பாட்டைத் தொடங்கினாள். அவர் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். முதல் வரி போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதன் நடுவில் நிறுத்தினாள்.

"பாருங்க, அங்க ஒடையுது."

"எங்க?"

"அங்கதான். மேல போற எடத்துல. மங்கிடுது."

"இல்லம்மா. இங்க பாரு," என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பாடினது இது. இப்பப் பாடினது இது. ரெண்டும் ஒண்ணுதான்."

"பாட்டைப் பாக்கச் சொல்றீங்களா?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார். சமையலறைக்கு ஓடுவாள் என்று நினைத்தார்; ஓடவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டு, பாட ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் குரலை முழுசாகக் கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி மேஜையில் வைத்தாள்.

"எனக்கு மங்கலாத்தாங்க கேக்குது," என்றாள். "நீங்க அன்னிக்குச் சொன்னதுலேருந்து அப்படித்தான் கேக்குது. இப்ப இல்லைங்கிறீங்க. எதை நம்புறதுன்னு தெரியல."

"நல்லா இருக்கும்மா. நான் சொல்றேன், நல்லா இருக்கு."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. இதே வார்த்தையை மூன்று நாளைக்கு முன்னால், அந்தத் தாளைக் காட்டாமல் சொல்லியிருந்தால், இந்நேரம் அவள் மூன்றாவது வரியைத் தாண்டிப் போயிருப்பாள்.

அவள் அவரைக் குத்திக் காட்டவில்லை. அருகில் வந்து, அவர் கண்ணுக்கு நேராகக் குனிந்து, வார்த்தை வார்த்தையாக, அவருக்குப் புரியும்படி உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்ட வரைக்கும் நல்லா இருந்துச்சு," என்றார் ஃபிட்டர்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மைக்கின் ஒயரைச் சுருட்டி, வழக்கமாக அவர் செய்கிற மாதிரியே முறுக்காமல் சுருட்டி, அவர் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போனாள். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று சொல்ல ஒருவரும் இல்லை.